விளிம்பைப் படிப்பவர்கள்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. மறு வருடமே அதே நகரத்தில் ஒரு சங்கம் சந்தா கேட்டுக் கிளம்பியது. சந்தா கட்டியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு வெண்கல வட்டுகள் வரும். அவற்றைக் கொண்டு எதையும் வாங்க முடியாது. சட்டையில் குத்திக்கொள்ள ஊசியும் கிடையாது, கழுத்தில் மாட்ட நாடாவும் கிடையாது. போரில் வென்றதற்கோ ஓட்டத்தில் முந்தியதற்கோ கொடுத்தவையும் அல்ல. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, ஏறக்குறைய 73 மில்லிமீட்டர் குறுக்களவு, இரண்டு பக்கமும் புடைப்புச் சிற்பம். அவ்வளவுதான். சொசைட்டி ஆஃப் மெடலிஸ்ட்ஸ் என்ற அந்தச் சங்கம் 1995 வரை தாக்குப்பிடித்தது. 65 ஆண்டுகளில் 129 பதக்கங்கள். சிறுபத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் புரியும்.

நமக்குப் பதக்கம் என்றதும் இரண்டு படங்கள்தான் மனதில் வரும். ஒன்று, சங்கிலியில் தொங்கும் நகை. இன்னொன்று, பள்ளி விளையாட்டுப் போட்டியில் கழுத்தில் மாட்டிவிடுகிற, ஆறு மாதத்தில் முலாம் உரியும் வட்டம். கலைப் பதக்கம் இரண்டிலும் சேராது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிசானெல்லோ என்ற ஓவியர் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானின் முகத்தை ஒரு வட்டத்தில் வார்த்ததிலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வார்கள். கையில் எடுத்து, திருப்பி, விரலால் தடவிப் பார்க்க வேண்டிய சிற்பம் அது. முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் அந்த முகத்துக்கு ஒரு விளக்கம். ஏறக்குறைய ஒரு குறள் மாதிரி, இரண்டு அடிதான் இடம்.

அமெரிக்கா இந்தக் கலைக்குத் தாமதமாக வந்தது. ஆனால் வந்த விதம் சுவாரசியமானது. அதைவிடச் சுவாரசியமானவர்கள் அந்தப் பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, எடை போட்டு, எண் கொடுத்து எழுதிவைத்தவர்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

முதலில் இந்தப் பொருள் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். பிரஸ் இயந்திரங்களோடு நாளைக் கழிக்கிறவனால் இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறையில் அச்சு வெட்டுபவர் எஃகுத் துண்டில், உண்மையான சிறிய அளவிலேயே, எல்லாவற்றையும் குழிவாகவும் இடவலம் மாற்றியும் செதுக்க வேண்டும். பூதக்கண்ணாடி, உளி, வருடக்கணக்கான பயிற்சி. சிற்பிகளுக்கு இது ஆகாத வேலை. சிற்பியின் கை களிமண்ணில் பழகியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸைச் சேர்ந்த விக்டர் ஜான்வியே தன் பெயரால் அறியப்பட்ட சுருக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு முன்பும் இவ்வகை இயந்திரங்கள் இருந்தன, ஆனால் நுணுக்கத்தில் இது ஒரு தாவல். சிற்பி சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் களிமண்ணில் உருவம் செய்வார். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு. அதன் மேல் மின்முலாம் பூசும் முறையில் செம்பைப் படியவிட்டுக் கெட்டியான ஒரு நகல் எடுப்பார்கள். இதற்குக் கால்வனோ என்று பெயர். கால்வனோ இயந்திரத்தின் ஒரு பக்கத்தில் சுழலும், எஃகுத் துண்டு மறுபக்கத்தில் அதே வேகத்தில் சுழலும். நடுவில் ஒரு நீண்ட கம்பி. கம்பியின் ஒரு முள் கால்வனோவின் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே போக, இன்னொரு இடத்தில் உள்ள வெட்டுமுனை அதே மேடு பள்ளங்களைச் சின்னதாக எஃகில் வெட்டிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தை முடிக்க நாள் கணக்கில் ஆகும். கணினி இல்லை, மின்னணுச் சில்லு இல்லை. நெம்புகோல் தத்துவம் மட்டும்தான்.

அப்புறம் அடிக்க வேண்டும். நாணயம் ஒரே அடியில் முடிந்துவிடும். பையில் இருக்கும் ஐம்பது காசை எடுத்துப் பாருங்கள், உருவம் தாழ்வாகத்தான் எழும்பியிருக்கும். அடுக்கி வைக்க வேண்டுமே. பதக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உருவம் உயரமாக எழும்பலாம். ஆனால் உலோகம் ஒரு அடியில் அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. ஒரு அடி அடித்ததும் வெண்கலம் இறுகிப்போகும், மேலும் அடித்தால் வெடிக்கும். அதனால் உலையில் வைத்து இளக்கி மறுபடி அடி, மறுபடி இளக்கி மறுபடி அடி. கடைசியில் ரசாயனமும் தூரிகையும் கொண்டு ஒவ்வொன்றையும் கையால் நிறமேற்றுவார்கள். ஆக, ஒரே அச்சில் பிறந்த இரண்டு பதக்கங்கள் முழுக்க ஒன்றுபோல இருப்பதில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் போடுபவர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

இந்த இயந்திரம் அமெரிக்காவுக்குள் வந்ததற்குப் பின்னால் கைப்பைகள் இருக்கின்றன. நியூயார்க்கில் டைட்ச் சகோதரர்கள் என்று ஒரு தோல் பொருள் நிறுவனம். பெண்களின் கைப்பைகளில் வெள்ளிச் சிற்பத் தகடு பதிப்பது அப்போது நாகரிகம். அதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜான்வியே இயந்திரத்தைத் தருவித்தார்கள். அவர்களிடம் வேலை செய்த ஹென்றி வைல் என்ற சிற்பி அதை இயக்கக் கற்றுக்கொண்டார். நாகரிகம் மாறியது, கைப்பைத் தகடு போனது. இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் மிஞ்சினார்கள். ஹென்றியும் அவர் சகோதரர் ஃபீலிக்ஸும் நடத்திய பட்டறைதான் மெடாலிக் ஆர்ட் கம்பெனி. நாளிதழ்களுக்கான புலிட்சர் தங்கப் பதக்கமும், சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கமும் பிறகு இவர்கள் அச்சில் வந்தவைதான். ஃபேஷன் மாறியதால் இலக்கியத்துக்குக் கிடைத்த நன்மைகளில் ஒன்றாக இதைக் கணக்கில் வைக்கலாம்.

இதற்குச் சற்று முன்பு நடந்த ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். 1893இல் சிகாகோவில் கொலம்பஸ் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் உரையாற்றிய சமயங்களின் பேரவை கூடியது இதையொட்டித்தான். பரிசு பெற்ற காட்சியாளர்களுக்கான பதக்கத்தைச் செய்யும் பொறுப்பு அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸிடம் வந்தது. அன்றைய அமெரிக்காவின் முதன்மையான சிற்பி. முன்பக்கத்தில் கொலம்பஸ் கரையில் கால் வைக்கிறார். பின்பக்கத்தில் தீப்பந்தம் ஏந்திய ஆடையற்ற சிறுவன். படம் வெளியே கசிந்து, ஒரு இயந்திரப் பட்டை நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்தது. நிர்வாணம் என்று கூச்சல். செனட் வரை போனது. கடைசியில் கருவூலத் துறை சிறுவனைத் தூக்கிவிட்டு, நாணயச் சாலையின் தலைமை அச்சு வெட்டுநர் சார்லஸ் பார்பரிடம் புதிய பின்பக்கம் செய்யச் சொன்னது. செயின்ட்-காடன்ஸுக்கும் பார்பருக்கும் ஆகாது. ஆகாத இரண்டு பேர் ஒரு வட்டின் இரண்டு பக்கத்திலும் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள். 1896இல்தான் பதக்கங்கள் விநியோகமாயின. பார்பரின் பின்பக்கத்தில் ஒரு சிறு பலகை இருக்கும். அச்சில் அந்த இடத்தில் மட்டும் கழற்றி மாட்டக்கூடிய துண்டு வைத்து, பரிசு பெற்ற ஒவ்வொருவர் பெயரையும் மாற்றி மாற்றி அடித்தார்கள். 20,000க்கும் மேற்பட்டவர்கள். ஒரு பொறியாளனாக எனக்குச் சிறுவனை இழந்த வருத்தத்தைவிட அந்தக் கழற்றும் துண்டின் மேல் மதிப்பு அதிகம். பட்டியல்காரர்களுக்கோ இது வேறு கேள்வி: இது ஒரே பதக்கமா, 20,000 பதக்கங்களா?

1909இல் சர்க்கிள் ஆஃப் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி மெடாலியன் என்ற பெயரில் ஒரு சிறு வட்டம் பதக்கம் வெளியிடத் தொடங்கியது. சார்லஸ் டி கே என்ற கலை விமர்சகரும், லிங்கன் உருவம் பொறித்த பதக்கங்களைத் தேடித் தேடிச் சேர்த்த ராபர்ட் ஹியூவிட்டும் அதன் பின்னால் இருந்தார்கள். இவர்கள் பதக்கத்தைப் பெட்டியில் அனுப்பவில்லை. ஒரு சிறு புத்தகத்தின் உள்ளே குழி வெட்டி, அதில் பதித்து அனுப்பினார்கள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தும் இருக்கும், வெண்கலமும் இருக்கும். வாசகரையே சேகரிப்பாளராக ஆக்குகிற தந்திரம். முதல் வெளியீடு ஜான் ஃபிளானகன் செய்த ஹட்சன்-ஃபுல்டன் விழாப் பதக்கம். 1914இல் இளம் பால் மேன்ஷிப் செய்த நியூ நெதர்லாந்து 300ஆம் ஆண்டுப் பதக்கமும் இதில்தான் வந்தது. 12 பதக்கங்களோடு 1915இல் வட்டம் நின்றுபோனது.

15 வருட இடைவெளிக்குப் பிறகு வந்ததுதான் முதலில் சொன்ன சங்கம். மெடாலிக் ஆர்ட் கம்பெனியை வைல் சகோதரர்களிடமிருந்து வாங்கிய கிளைட் டிரீஸும், ஜார்ஜ் டூபான்ட் பிராட் என்ற கொடையாளரும் சேர்ந்து தொடங்கியது. டிரீஸ் வியாபாரி. பிரஸ் சும்மா நிற்கக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்திருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் வைத்த ஒரு விதிதான் இந்தச் சங்கத்தைக் கலை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது: கருப்பொருளைச் சிற்பியே தேர்ந்துகொள்ளலாம். எந்தத் தலைவரின் முகமும் எந்த நகராட்சியின் நூற்றாண்டும் கட்டாயமில்லை. வழக்கமாக யாரோ ஒருவருக்காக, ஏதோ ஒன்றுக்காகவே இருந்துவந்த ஒரு வடிவத்தில் இது பெரிய விடுதலை.

விடுதலை கிடைத்ததும் என்ன செய்தார்கள்? 1930இல் முதல் பதக்கம் செய்த லாரா கார்டின் ஃப்ரேசர் ஒரு பக்கம் நாயுடன் நிற்கும் வேட்டைக்காரரையும் மறுபக்கம் காட்டுக்கோழி இனப் பறவையையும் வைத்தார். அதே ஆண்டின் இரண்டாவது பதக்கம் பால் மேன்ஷிப்புடையது. கிரேக்கரின் மதுத் தெய்வம் தியோனிசஸ். திராட்சையின் மாயத்தைக் கண்டுபிடித்தவனுக்கு வாழ்த்து சொல்லும் வாசகம் அவர் முகத்தைச் சுற்றி ஓடும். பின்பக்கம் திராட்சை மிதிக்கும் ஆட்டுக்கால் தேவதைகள். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 1930இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தது. 1920இல் தொடங்கி 1933 வரை. சாராயம் காய்ச்சினால் சிறை என்றிருந்த நாட்டில், ஒழுக்கமான சந்தாதாரர்கள் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் கையாலேயே மதுத் தெய்வம் போய்ச் சேர்ந்தது. பார்க்காமல் போனால் சும்மா ஒரு கிரேக்கப் பாணி அலங்காரம், ஆண்டைச் சேர்த்துப் படித்தால் ஒரு நமட்டுச் சிரிப்பு. பட்டியலில் ஆண்டு என்ற ஒரு கட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பதக்கத்தைக் காட்டுவேன்.

மூன்றாவது, 1931இல் ஹெர்மன் மெக்நீல் செய்தது. அரிசோனாவின் ஹோப்பி மக்கள் மழைக்காக ஆடும் பாம்பு நடனம். மெக்நீல் 1890களில் அங்கே போய் அதைப் பார்த்தவர். பதக்கம் அழகானது, இயக்கம் நிறைந்தது. பாம்பைப் பற்றியிருக்கும் உடலின் முறுக்கத்தை 73 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருவது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் எனக்கு இதைப் பார்க்கும்போது நெருடுகிறது. ஹோப்பி மக்களுக்கு அது வழிபாடு. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் கேமராக்களும் பெருகியதால் பிற்காலத்தில் படமெடுப்பதையே அவர்கள் தடைசெய்தார்கள். பதக்கத்திலோ அந்தக் கணம் வெண்கலத்தில் உறைந்து, சந்தாக் கட்டியவர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்த கனமாகிவிட்டது. பட்டியல் இந்தப் பதக்கத்தைப் பற்றி என்ன சொல்லும்? சிற்பி பெயர், ஆண்டு, அளவு, உலோகம். ஆடுகிறவர் பெயருக்கு அதில் கட்டம் இல்லை.

பட்டியல்களுக்கு வருவோம்.

அமெரிக்கப் பதக்கங்களை முறையாகத் தொகுத்த ஆரம்ப நூல்களில் ஒன்று லூபா என்பவர் 1878இல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. ஜூல்ஸ் ஜாக்மார் என்ற பிரெஞ்சு ஓவியர் ஒவ்வொரு பதக்கத்தையும் செதுக்கோவியமாக வரைந்தார். ஆடம்பரமான புத்தகம். 1885இல் பேக்கர் என்பவர் வாஷிங்டன் உருவம் வந்த பதக்கங்களை மட்டும் எண்ணிட்டார். எனக்குப் பிடித்த ஆள் சார்லஸ் வில்லிஸ் பெட்ஸ். 1845இல் பிறந்தவர். பதின்வயதில் இவர் செய்த காரியம், தானே அச்சு வெட்டி, இருந்தே இராத காலனிக் கால நாணயங்களை அடித்துத் தள்ளியது! அவை இன்று தனியாகச் சேகரிக்கப்படுகின்றன. வளர்ந்த பிறகு வக்கீலானார், காலனிக் கால அமெரிக்காவைப் பற்றிய பதக்கங்களைப் பட்டியலிட்டார். 1887இல் இறந்துபோனார். நண்பர்கள் கையெழுத்துப் பிரதியைச் செப்பனிட்டு 1894இல் வெளியிட்டார்கள். இன்றும் ஏலப் பட்டியல்களில் 'பெட்ஸ்' என்று போட்டு ஒரு எண் இருக்கும். அந்த எண்தான் பதக்கத்தின் அடையாள அட்டை. கள்ளத்தனம் தெரிந்தவன்தான் நல்ல காவல்காரன் என்று நம் ஊரில் சொல்வதுபோல.

1977இல் ஆர்.டபிள்யூ. ஜூலியன் வேறொரு வழியில் போனார். பதக்கத்தை மட்டும் பார்த்து எழுதாமல், நாணயச் சாலையின் கடிதங்களையும் கணக்குகளையும் படித்து எழுதினார். அமெரிக்க நாணயச் சாலை 1792 முதல் 1892 வரை அடித்த பதக்கங்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு கொடுத்தார், அந்த எழுத்து பதக்கத்தின் வகையைச் சொல்லும். படைத்துறை ஒரு வகை, கடற்படை ஒரு வகை, செவ்விந்தியத் தலைவர்களோடு உடன்படிக்கை செய்யும்போது அரசு கொடுத்த 'சமாதானப் பதக்கங்கள்' இன்னொரு வகை. நிலம் கைமாறிய வரலாறு முழுவதும் அந்தக் கடைசி வகையின் பின்னால் இருக்கிறது. பட்டியல் அதைத் தீர்ப்புச் சொல்லாமல் வரிசையாக வைக்கிறது. அது சரியா தவறா என்று நான் கொஞ்ச நாள் யோசித்தேன். இப்போது சரி என்றே படுகிறது. வரிசை இருந்தால்தான் அதன் மேல் கேள்வி கேட்க முடியும்.

பட்டியல்காரர் உண்மையில் என்னதான் செய்கிறார்? முகத்தைப் பார்ப்பவர்கள் நாம். அவர் விளிம்பைப் பார்க்கிறார்.

ஒரு உதாரணம். 1776 மார்ச்சில், சுதந்திரப் பிரகடனத்துக்கும் முன்பே, பாஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் படையை வெளியேற்றியதற்காக வாஷிங்டனுக்குத் தங்கப் பதக்கம் தருவதென்று காங்கிரஸ் தீர்மானித்தது. பதக்கம் அடிக்கத் தெரிந்த ஆள் அமெரிக்காவில் இல்லை. பாரிஸில் துவிவியே என்ற கலைஞர் அச்சு வெட்டினார். அந்த ஒரே தங்கப் பதக்கம் இப்போது பாஸ்டன் பொது நூலகத்தில் இருக்கிறது. ஆனால் பாரிஸ் நாணயச் சாலை அந்த வடிவத்தை விடவில்லை, கேட்பவர்களுக்கெல்லாம் வெண்கலத்தில் அடித்துக்கொடுத்துக்கொண்டே இருந்தது. உங்கள் கையில் இருப்பது எந்தக் காலத்தது? முகத்தைப் பார்த்தால் சட்டென்று பிடிபடாது. விளிம்பைத் திருப்புங்கள். சிறியதாக ஒரு சுட்டுவிரல் கை இருந்தால் 1845க்கும் 1860க்கும் இடையில். தேனீ இருந்தால் அதற்கடுத்த 20 ஆண்டுகள். கனிகள் வழியும் கொம்பு இருந்தால் 1880க்குப் பிறகு. இரண்டு மில்லிமீட்டர் பூச்சி ஒன்று நூறு வருடக் குழப்பத்தைத் தீர்த்துவைக்கிறது.

பிலடெல்பியா நாணயச் சாலையும் இதே மாதிரி மறுபடி மறுபடி அடித்து விற்றது. அங்கே விளிம்பில் கொம்பும் தேனீயும் கிடையாது, நிறத்தைப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் செம்பில் அடித்துச் சாக்லேட் நிறம் ஏற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது மஞ்சள் வெண்கலத்துக்கு மாறினார்கள். மெடாலிக் ஆர்ட் கம்பெனியின் பதக்கங்களில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் விளிம்பில் அடிக்கப்பட்டிருக்கும். நிறுவனம் 1972இல் நியூயார்க்கின் கிழக்கு 45ஆம் தெருவை விட்டு கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரிக்குப் போனது. அதனால் விளிம்பில் டான்பரி என்றிருந்தால், முகத்தில் எந்த ஆண்டு போட்டிருந்தாலும் சரி, அது 1972க்கு முன்னால் அடித்ததாக இருக்க முடியாது. தொழிற்சாலையில் நாங்கள் உதிரிப் பாகத்தில் தொகுதி எண்ணைத் தேடுவதும் இதே வேலைதான். யாரும் ரசிக்காத இடத்தில்தான் உண்மை இருக்கும்.

அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்து பட்டியல் போட்டவர் டிக் ஜான்சன். 1960இல் தொடங்கிய காயின் வேர்ல்ட் வார இதழின் முதல் ஆசிரியர். பிறகு மெடாலிக் ஆர்ட் கம்பெனியில் ஆய்வுப் பொறுப்புக்கு வந்து, அங்கே அதுவரை அடிக்கப்பட்டவற்றைத் தேடி ஒழுங்குபடுத்தினார். ஒரு தொழிற்சாலை தன் பழைய வேலையை எண்ணிப் பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தது என்பதே அதிசயம். பெரும்பாலான இடங்களில் பழைய அச்சு என்றால் இடத்தை அடைக்கும் இரும்பு.

சங்கத்தின் கதையை முழுதாக எழுதியவர் டேவிட் அலெக்சாண்டர். 1998இல் அமெரிக்கப் பதக்கச் சேகரிப்பாளர்களுக்கென்று மெடல் கலெக்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பைத் தொடங்கியவர். அவருடைய நூலை நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகம் 2010இல் வெளியிட்டது. 1909 முதல் 1995 வரை என்று தலைப்பிலேயே ஆண்டுகள் இருக்கும். ஹியூவிட்டின் புத்தகப் பதக்கங்கள் 12, சங்கத்தின் 129, கூடவே சிறப்பு வெளியீடுகள். ஒவ்வொன்றுக்கும் சிற்பியின் வாழ்க்கைக் குறிப்பு. இந்தப் புத்தகத்தின் முக்கியத்துவம் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது என்பேன். மேன்ஷிப்பை உலகத்துக்குத் தெரியும். நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தில் தங்க நிறத்தில் பறக்கும் பிரமிதியஸ் அவர் செய்தது. ஆனால் 129 பதக்கங்களுக்குப் பின்னால் இருக்கும் சிற்பிகளில் பலருக்கு எங்கேயும் பெரிய நூல் கிடையாது. ஒரு பட்டியலில் சில பத்திகள், அதுதான் அவர்கள் வாழ்க்கை வரலாறு. பட்டியலை உலர்ந்த எழுத்து என்று ஒதுக்குகிற இலக்கிய நண்பர்களிடம் நான் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். சேகரிப்பாளர்கள் எழுதும் பட்டியல் சேகரிப்பாளர்களின் கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லும். எவ்வளவு அரிது, வெள்ளியில் அடித்தார்களா, பெட்டி கூட இருக்கிறதா. களிமண் உருவத்தைச் சிற்பி செய்தார், சரி. சுருக்கும் இயந்திரத்தை ஓட்டியவர் யார்? கடைசி நிறம் ஏற்றிய கை யாருடையது? ஒரு பதக்கத்தின் அழகில் பாதி அந்தக் கைகளில் இருக்கிறது. முகத்தில் சிற்பியின் கையொப்பம் இருக்கும், விளிம்பில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், நடுவில் இருந்த தொழிலாளிக்கு வட்டில் இடமே இல்லை.

அதற்கெல்லாம் பதில் இருக்கக்கூடிய ஒரே இடம் நிறுவனத்தின் பழைய கோப்புகள். அவை போன பயணம் ஒரு தனிக் கதை. டான்பரியிலிருந்து தெற்கு டகோட்டா, அங்கிருந்து நெவாடா மாநிலத்தின் டேட்டன் என்ற சிறு ஊர். 2009இல் நார்த்வெஸ்ட் டெரிட்டோரியல் மின்ட் என்ற நிறுவனம் மெடாலிக் ஆர்ட்டை வாங்கியது. 2016இல் அந்த நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. திவாலில் கடன்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், எல்லாவற்றுக்கும் விலை போடுவார்கள். கால்வனோ என்பது செம்பு. அச்சு என்பது எஃகு. இரண்டுக்கும் கிலோ விலை உண்டு. ஒரு நூற்றாண்டுச் சிற்பக் கலையை எடைபோட்டு விற்கலாம் என்கிற நிலையில், 2018இல் அமெரிக்க நாணயவியல் கழகம் அந்த ஆவணக் களஞ்சியத்தை வாங்கியது. ஆயிரக்கணக்கான அச்சுகள், கால்வனோக்கள், பதக்கங்கள், காகிதங்கள். வாங்குவது ஒரு நாள் வேலை. ஒவ்வொன்றையும் எடுத்து, இது எந்தப் பதக்கத்தின் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து எண் போடுவது வேறு வேலை. கால்வனோவில் ஆண்டு இருக்காது, சில சமயம் எழுத்துகூட இருக்காது. ஒரு பெண்ணின் முகம் மட்டும் செம்பில் இருக்கும். யார் இவள் என்று பழைய பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதாவது, கையால் எழுதிய அந்தப் பழைய பட்டியல்கள் இல்லாவிட்டால் களஞ்சியம் ஒரு குவியல்.

கடைசியாக, அலெக்சாண்டரின் நூலில் இரண்டு முதல் எண்கள் இருக்கின்றன. வட்டத்தின் முதல் பதக்கம் ஜான் ஃபிளானகன். சங்கத்தின் முதல் பதக்கம் லாரா கார்டின் ஃப்ரேசர். இந்த இரண்டு பேரும் இன்னொரு இடத்திலும் நேருக்கு நேர் வந்தார்கள். 1932 வாஷிங்டன் பிறந்த 200ஆம் ஆண்டு. அவர் முகத்தோடு கால் டாலர் நாணயம் வெளியிட வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். நுண்கலை ஆணையம் லாராவின் வடிவத்தைத் தேர்ந்து பரிந்துரைத்தது. கருவூலச் செயலர் ஆண்ட்ரூ மெலன் ஃபிளானகனின் வடிவத்தை எடுத்துக்கொண்டார். ஆணையம் மறுபடி வலியுறுத்தியும் மெலன் அசையவில்லை, அவருக்குப் பின் வந்தவரும் மாற்றவில்லை. லாரா பெண் என்பதால்தானா என்ற கேள்வியை நாணயவியலாளர்கள் இன்றும் விடவில்லை. 1921இலேயே அமெரிக்காவின் நினைவு நாணயம் ஒன்றை வடிவமைத்த முதல் பெண் அவர். திறமையில் சந்தேகப்பட யாருக்கும் வாய்ப்பில்லை.

ஃபிளானகனின் வாஷிங்டன் இடப்பக்கம் பார்த்தபடி கோடிக்கணக்கான சட்டைப்பைகளில் புரண்டார். லாரா 1966இல் இறந்தார். 1999இல் வாஷிங்டன் இறந்த 200ஆம் ஆண்டுக்கு அவருடைய வடிவத்தை ஒரு ஐந்து டாலர் தங்க நாணயத்தில் அடித்தார்கள், அது சேகரிப்பாளர்களுக்கு மட்டும். 2022இல் அமெரிக்கப் பெண்களைப் போற்றும் கால் டாலர் வரிசை தொடங்கியபோது, முன்பக்கத்துக்கு எந்த வாஷிங்டனை வைப்பது என்ற கேள்வி வந்தது. 90 ஆண்டு பழைய வடிவத்தை எடுத்தார்கள். அந்த வரிசை ஓடிய 2022 முதல் 2025 வரை, கடையில் மீதிச் சில்லறையாக வந்த புதுக் கால் டாலர்களில் வாஷிங்டன் வலப்பக்கம் பார்த்தார்.